ஆப்பிள் மரத்தடியில் ஓட்டுக் கேட்டவர்: யார் இந்த டேவிட் மார்ஷல்?

சிங்கப்பூரின் முதல் பிரதமர் யார் என்று கேட்டால் தூக்கத்தில்கூட பதில் சொல்லிவிடுவீர்கள். லீ குவான் யூ. சரி, அவருக்கு முன்னால் சிங்கப்பூர் அரசாங்கத்துக்குத் தலைமை தாங்கியது யார்?

பலருக்கு இங்கேதான் கொஞ்சம் தடுமாறும். வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் எங்கேயோ படித்த ஞாபகம் இருக்கும், பெயர் சட்டென்று வராது.

அவர் பெயர் டேவிட் சால் மார்ஷல். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர். பதவியில் இருந்தது 14 மாதம்தான். ஆனால் தேர்தல் நேரத்தில் வேட்பாளர்கள் மக்களைத் தேடிப் போவது, நாடாளுமன்ற உறுப்பினரைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் சந்தித்து உங்க வீட்டுப் பிரச்சினையைச் சொல்வது, வகுப்பில் ஆங்கிலத்தோடு தமிழும் படிப்பது என்று இன்று நமக்குப் பழகிப்போன பல விஷயங்களின் தொடக்கத்தில் அவருடைய பெயரும் இருக்கிறது.

அவரோட கதையைக் கொஞ்சம் பார்ப்போமா?

தேக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்

தேக்கா சந்தையிலிருந்து சிலிகி ரோட்டுப் பக்கம் நடந்து போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது கொஞ்சம் தலையை நிமிர்த்திப் பாருங்க. புக்கிட் தீமா ரோடும் சிலிகி ரோடும் சந்திக்கும் மூலையில் எலிசன் கட்டடம் இருக்கிறது. 1924இல் கட்டியது. அதன் உச்சியில் ஆறு முனை நட்சத்திரம் ஒன்று தெரியும். இன்னும் கொஞ்சம் தள்ளி, 1928இல் எழுந்த டேவிட் இலியஸ் கட்டடத்திலும் அதே நட்சத்திரம்.

அது தாவீதின் நட்சத்திரம், யூதர்களின் சின்னம். சிலிகி ரோடு, மிடில் ரோடு, வாட்டர்லூ ஸ்திரீட் வட்டாரத்தில் ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் நிறைய இருந்தன. பாக்தாத் பக்கமிருந்து வணிகம் செய்ய வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். வாட்டர்லூ ஸ்திரீட்டில் அவர்கள் 1878இல் திறந்த வழிபாட்டு இடம் இன்றைக்கும் இருக்கிறது. அதாவது நம்ம லிட்டில் இந்தியாவும் அவர்களுடைய வட்டாரமும் கிட்டத்தட்ட அடுத்தடுத்த வீடுகள்.

அந்தச் சின்னஞ்சிறு சமூகத்தில், 1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி மார்ஷல் பிறந்தார். கட்டுப்பாடான, பக்தியுள்ள குடும்பம். செயின்ட் ஜோசப்ஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ், ராஃபிள்ஸ் கல்வி நிலையம் என்று படிப்பு. நன்றாகப் படித்தவர். ஆனால் இளம் வயதிலேயே காசநோய் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சும்மா இல்லை. உடம்பைத் தேற்றிக்கொள்ள அவரைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வந்தவர் உடனே பெரிய ஆளாகிவிடவில்லை. எழுத்தர் வேலை, விற்பனையாளர் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். சட்டம் படிக்க லண்டன் போனபோது வயது 26. இந்த வயதில் இனி என்ன படிப்பு என்று யோசிக்கும் நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள் இல்லையா? 1937இல் அவர் வழக்கறிஞராகிவிட்டார்.

போர்க்கைதி, பிறகு வழக்கறிஞர்

தாயகம் திரும்பிய மார்ஷல் தொண்டூழியப் படையில் சேர்ந்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்தது. மார்ஷலும் கைதானார். முதலில் சாங்கி. அப்புறம் ஜப்பானின் வட கோடியில் உள்ள ஹொக்கைடோ தீவு. கடுங்குளிரில் கட்டாய வேலை. போர் முடிந்து 1946இல்தான் ஊர் திரும்பினார்.

பிறகு குற்றவியல் வழக்குகளில் அவர் பெயர் கொடிகட்டிப் பறந்தது. அப்போது கொலை வழக்குகளை ஜூரி முறையில் விசாரிப்பார்கள். அதாவது, குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது சாதாரணக் குடிமக்கள் அடங்கிய ஒரு குழு. அவர்கள் மனத்தில் இடம் பிடிப்பது ஒரு கலை. மார்ஷலுக்கு அது கைவந்த கலை. கணீர்க் குரல், அடர்ந்த புருவம், கையில் பைப். அவர் பேசுவதைக் கேட்கவே நீதிமன்றத்துக்குக் கூட்டம் வரும்.

முன்பின் தெரியாத ஏழு பேரைப் பேசியே தன் பக்கம் இழுக்கத் தெரிந்தவர், ஒரு நகரத்தையே இழுக்கப் பார்த்தால்? 1955இல் அதுதான் நடந்தது.

அதுவரை ஓட்டுப் போட்டது யார்?

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். இது தெரியாவிட்டால் மார்ஷல் என்ன செய்தார் என்பது புரியாது.

சிங்கப்பூரில் முதல் தேர்தல் நடந்தது 1948இல். மொத்தம் ஆறே ஆறு இடங்களுக்கு. வாக்காளராக வேண்டுமானால் பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டும், நீங்களே போய்ப் பெயரைப் பதிந்துகொள்ளவும் வேண்டும். பதிந்தவர்கள் சுமார் 22,000 பேர். 1951இல் அது சுமார் 48,000 ஆனது. அவ்வளவு பெரிய நகரத்தில் அவ்வளவுதான். அந்தத் தேர்தல்களில் முன்னணியில் இருந்த முற்போக்குக் கட்சி, ஆங்கிலம் படித்த வசதியானவர்களின் கட்சி. பிரிட்டிஷாரோடு மோதாமல் மெதுவாக, படிப்படியாகப் போகலாம் என்பது அவர்கள் கொள்கை.

பிறகு ரெண்டல் அரசமைப்புச் சட்டம் வந்தது. தகுதி உள்ளவர்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேரும் என்று மாற்றினார்கள். ஒரே தாவலில் எண்ணிக்கை 300,000ஐத் தொட்டது.

யோசிச்சுப் பாருங்க. நேற்றுவரை சில ஆயிரம் பேரை விருந்துகளிலும் மன்றங்களிலும் சந்தித்தாலே தேர்தலில் ஜெயிக்கலாம். இன்று குமாஸ்தா, துறைமுகத் தொழிலாளி, பஸ் ஓட்டுநர், காய்கறித் தோட்டம் போடுபவர், பன்றி வளர்ப்பவர் எல்லாரிடமும் ஓட்டு இருக்கிறது. ஆமாம், அப்போது சிங்கப்பூரில் தோட்டங்களும் பண்ணைகளும் ஏராளம். பொங்கோல், புக்கிட் பாஞ்சாங் எல்லாம் கம்பத்து வீடுகளும் மண் சாலைகளும்தான்.

இவர்களிடம் எப்படிப் போய்ச் சேருவது? தொலைக்காட்சி கிடையாது. சிங்கப்பூருக்கு அது வந்ததே 1963இல். ஒரே வழி, நேரில் போவது.

அமெரிக்காவில் ரயில், இங்கே மரம்

உலகின் வேறு மூலையிலும் இதே கேள்வி எழுந்தது. 1948இல் அமெரிக்க அதிபர் ஹேரி ட்ரூமன் தோற்கப்போகிறார் என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அவர் ரயிலேறி ஊர் ஊராகப் போனார். செப்டம்பர் 18ஆம் தேதி ஒரே நாளில் விவசாய மாநிலமான அயோவாவில் பல ஊர்களில் ரயிலை நிறுத்திப் பேசினார். டெக்ஸ்டர் என்ற சிற்றூரில் நடந்த ஏர் உழும் போட்டிக்குப் பல்லாயிரக்கணக்கான விவசாயிகள் கூடியிருந்தார்கள். அவர்கள் முன்னால் அவர் பேசியது தானியக் கிடங்குகளைப் பற்றி. உலக அரசியல் எல்லாம் அப்புறம், அவர்களுக்கு அன்றைக்குத் தேவையான விஷயம் முதலில். நவம்பரில் அயோவாவிலும் ஜெயித்தார், நாட்டிலும் ஜெயித்தார்.

அமெரிக்கா பெரிய நாடு. அதிபர் ரயிலில் போக வேண்டும். சிங்கப்பூரோ ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வண்டியில் போய்விடலாம். ஆனால் கணக்கு ஒன்றுதான்: மக்கள் எங்கே, எந்த நேரத்தில் இருக்கிறார்களோ அங்கே நீ போ.

மார்ஷல் 1954இல் லிம் இயூ ஹொக், ஃபிரான்சிஸ் தாமஸ் ஆகியோரோடு சேர்ந்து தொழிலாளர் முன்னணிக் கட்சியை அமைத்திருந்தார். காசு குறைந்த கட்சி. அவர்கள் கண்டுபிடித்த இடம் எம்பிரஸ் பிளேஸ். இன்று ஆசிய நாகரிக அரும்பொருளகம் இருக்கிறதே, அந்தக் கட்டடம் அப்போது அரசாங்க அலுவலகம். சுற்றிலும் அலுவலகங்கள், வங்கிகள், நீதிமன்றம். மதியம் மணி அடித்தால் நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வெளியே வருவார்கள்.

அங்கே ஒரு மரம். ஆப்பிள் மரம் என்று அதைக் கூப்பிட்டார்கள். நம்ம ஊர் வெயிலில் ஆப்பிள் எங்கே காய்க்கும்? பெயர்தான் அப்படி. அந்த மரத்து நிழலில் மார்ஷலும் அவருடைய கட்சிக்காரர்களும் மதிய உணவு நேரத்தில் நின்று பேச ஆரம்பித்தார்கள். மேசை நாற்காலி போட்டுக் கைதட்டும் கூட்டம் அல்ல. கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து நிற்பவர்கள். பிடிக்கவில்லை என்றால் நகர்ந்து போய்விடுவார்கள்.

அவர்கள் நகரவில்லை. நாளுக்கு நாள் கூட்டம் கூடியது. ஆசியர் என்பதால் சில மன்றங்களின் வாசலைக்கூட மிதிக்க முடியாத காலம் அது. சொந்த மண்ணில் ஏன் இரண்டாந்தரமாக வாழ வேண்டும் என்பதுதான் மார்ஷலின் பேச்சின் சாரம். பிரிட்டிஷ் ஆட்சி போக வேண்டும். விசாரணை இல்லாமல் ஆளைப் பிடித்து அடைக்கும் அவசரகாலச் சட்டங்களும் போக வேண்டும். அலுவலகத்தில் தலை குனிந்து வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, அதே அலுவலகத்தின் வாசலில் நின்று ஒருவர் இப்படிப் பேசுவது எப்படி இருந்திருக்கும்!

யாரும் எதிர்பார்க்காத வெற்றி

1955 ஏப்ரல் 2. தேர்தல் நாள். முற்போக்குக் கட்சிதான் வரும் என்று பலரும் நினைத்தார்கள், பிரிட்டிஷாரும் சேர்த்து.

முடிவு வந்தபோது, மக்கள் தேர்ந்தெடுக்கும் 25 இடங்களில் தொழிலாளர் முன்னணிக்கு 10. முற்போக்குக் கட்சிக்கு வெறும் 4. நான்கே இடங்களில் போட்டியிட்ட புதிய கட்சியான மக்கள் செயல் கட்சிக்கு 3. கேர்ன்ஹில் தொகுதியில் மார்ஷல் முற்போக்குக் கட்சியின் தலைவரையே தோற்கடித்தார்.

இதில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. பட்டியலில் பெயர் இருந்தவர்களில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 53 விழுக்காடுதான். அப்போது ஓட்டுப் போடுவது கட்டாயமில்லை. அது கட்டாயமான பிறகு நடந்த முதல் பொதுத் தேர்தல் 1959இல். அப்போது பத்துப் பேரில் ஒன்பது பேர் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

10 இடத்தை வைத்துக்கொண்டு ஆட்சி நடத்த முடியாது. 3 இடம் பெற்ற கூட்டணியைச் சேர்த்துக்கொண்டு, ஏப்ரல் 6ஆம் தேதி மார்ஷல் முதலமைச்சரானார். கோட்டு, டை வேண்டாம் என்று சாதாரண புஷ் ஜாக்கெட்டில் வலம் வந்தார். இவர் எங்க ஆளு என்று மக்கள் நினைத்தார்கள். ஆளுநர் மாளிகையில் புருவங்கள் உயர்ந்தன.

முதலமைச்சருக்கு அறை இல்லை

முதலமைச்சர் என்றால் இன்றைய பிரதமர் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நிதி, சட்டம், உள்நாட்டுப் பாதுகாப்பு, தற்காப்பு எல்லாம் பிரிட்டிஷார் கையில். அமைச்சரவையில் இருந்த ஒன்பது பேரில் மூவர் ஆளுநரின் அதிகாரிகள். தேர்தலில் ஜெயித்தவர்களுக்கு மிச்சம் மீதி.

கேலிக்கூத்தின் உச்சம் இது: பதவியேற்ற முதலமைச்சருக்கு அலுவலக அறையே ஒதுக்கவில்லை! ஆளுநர் ஜான் நிக்கல் அதற்கு அவசியம் இருப்பதாகவே நினைக்கவில்லை. மார்ஷல் சளைக்கவில்லை. அறை தராவிட்டால் அதே ஆப்பிள் மரத்தடியில் மேசையைப் போட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பேன் என்று மிரட்டினார். பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்துப் போட்டால் மானம் போகுமே! மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை கிடைத்தது.

சிரிப்பாகத்தான் இருக்கு. ஆனால் அந்தச் சின்ன அறைக்குப் பின்னால் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. ஓட்டுப் போட்டு ஒருவரை மக்கள் தேர்ந்தெடுத்தால், அவருக்கு உண்மையிலேயே அதிகாரம் உண்டா? இல்லை, எல்லாம் ஒப்புக்குத்தானா?

மார்ஷல் தனக்குத் தெரிந்த வழியில் பதில் சொன்னார். மக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் நேரில் வந்து குறையைச் சொல்லலாம் என்று மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியை 1955இல் தொடங்கினார். அரசாங்கத்துக்கு மனு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குத் தவம் கிடந்தவர்களுக்கு அது புது அனுபவம். இன்று எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் தொகுதியில் இந்தச் சந்திப்பை நடத்துகிறார்கள். வீவக வீட்டுப் பிரச்சினை, வேலை, பள்ளி இடம் என்று வரிசையில் காத்திருக்கும் அத்தனை பேரும் மார்ஷல் திறந்த கதவு வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

கலவரம், சட்டம், சங்கடம்

பதவியேற்று ஒரு மாதம்கூடச் சரியாகப் போகவில்லை. ஹாக் லீ பஸ் நிறுவன ஊழியர்களின் வேலைநிறுத்தம் முற்றியது. சீனப் பள்ளி மாணவர்களும் தொழிலாளர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மே 12ஆம் தேதி கலவரம் வெடித்தது. நான்கு பேர் மாண்டார்கள், 31 பேர் காயமடைந்தார்கள். அந்த ஆண்டில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள்.

மார்ஷல் இரண்டு பக்கமும் அடி வாங்கினார். கடுமையாக நடந்துகொள்ளவில்லை என்று பிரிட்டிஷாருக்குக் கோபம். பிரிட்டிஷாரின் கைப்பாவை என்று இடதுசாரிகளுக்குக் கோபம்.

இன்னொரு சங்கடமும் வந்தது. அவசரகாலச் சட்டங்களை ஒழிப்பேன் என்று மரத்தடியில் முழங்கியவர் அவர். ஒழிக்கவும் செய்தார். ஆனால் அதே 1955 அக்டோபரில் அவருடைய அரசாங்கம் பொதுப் பாதுகாப்புக்கான வேறொரு சட்டத்தைக் கொண்டுவந்தது. விசாரணை இல்லாத தடுப்புக்காவல் அதிலும் இருந்தது. நீதிபதிகள் அடங்கிய குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பது வித்தியாசம். எதிர்க்கட்சியில் இருந்து பேசுவது வேறு, நாற்காலியில் உட்கார்ந்து முடிவெடுப்பது வேறு என்பதை அவர் அந்த ஆண்டிலேயே கற்றுக்கொண்டார்.

தமிழுக்கும் ஓர் இடம்

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவில்தான் நம்மைத் தொடும் ஒரு முடிவு பிறந்தது.

சீனப் பள்ளிகளின் கோபத்துக்கு ஒரு காரணம், ஆங்கிலப் பள்ளிகளுக்குக் கிடைத்த கவனிப்பு மற்றப் பள்ளிகளுக்குக் கிடைக்காதது. மார்ஷல் எல்லாக் கட்சியினரும் அடங்கிய குழு ஒன்றை அமைத்தார். 1956 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. சீனக் கல்வியைப் பற்றி ஆராய அமைத்த குழு அது. ஆனால் பரிந்துரை அதோடு நிற்கவில்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்குக்கும் சம மதிப்பு வேண்டும், பிள்ளைகள் குறைந்தது இரண்டு மொழி படிக்க வேண்டும் என்றது.

அதே 1956இல் சட்டமன்றத்தில் இந்த நான்கு மொழிகளிலும் பேசலாம் என்ற முடிவும் எடுக்கப்பட்டது.

தமிழர்கள் அன்றும் சிறுபான்மைதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தமிழைப் பட்டியலில் விட்டிருக்கலாம். விடவில்லை. நீங்கள் தொடக்கப்பள்ளியில் தமிழ் வகுப்புக்குப் போனதுக்கும், எம்ஆர்டி நிலையத்தில் தமிழ் எழுத்தைப் பார்ப்பதுக்கும், இந்தச் செய்தியைத் தமிழில் படிப்பதுக்கும் அதற்குப் பிறகு பலர் உழைத்தார்கள். ஆனால் அந்தப் பாதையின் தொடக்கத்தில் உள்ள மைல்கற்களில் ஒன்று இது. அப்போது முதலமைச்சராக இருந்தவர், தானும் ஒரு மிகச் சிறிய சமூகத்திலிருந்து வந்தவர்.

உழைக்கும் எல்லாருக்கும் தெரிந்த மத்திய சேம நிதி நடைமுறைக்கு வந்ததும் அவர் பதவியில் இருந்தபோதுதான், 1955 ஜூலை 1ஆம் தேதி. அதற்கான சட்டம் மட்டும் அவருக்கு முன்பே, 1953இல் நிறைவேறியிருந்தது.

மெர்டேக்கா!

1955 டிசம்பர் கடைசியில், கெடா மாநிலத்தின் பாலிங் ஊரில் ஒரு பேச்சுவார்த்தை. காட்டிலிருந்து வெளியே வந்த கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்குக்கு எதிரே துங்கு அப்துல் ரஹ்மான், டான் செங் லொக், மார்ஷல் மூவரும் உட்கார்ந்தார்கள். பேச்சு பலிக்கவில்லை. ஆனால் சுயாட்சி கிடைத்தால்தான் மக்கள் யார் பக்கம் நிற்பது என்பது தெளிவாகும் என்ற எண்ணம் வலுத்தது.

1956 மார்ச் மாதம் மெர்டேக்கா வாரம். மெர்டேக்கா என்றால் மலாயில் சுதந்திரம். தீவு முழுவதும் கையெழுத்து வேட்டை நடந்தது. சேர்ந்த கையெழுத்து ஏறக்குறைய 167,000. முந்தின ஆண்டு தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களே சுமார் 158,000 பேர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்க!

மார்ச் 18ஆம் தேதி, பழைய காலாங் விமான நிலையத்தில் மாபெரும் கூட்டம். பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வந்திறங்கும் நேரம் பார்த்து ஏற்பாடு செய்தது. சிங்கப்பூர் எவ்வளவு ஆர்வமாக இருக்கிறது, அதே நேரத்தில் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று காட்டத்தான் எண்ணம். நடந்தது வேறு. கட்டுக்கடங்காத கூட்டம் தடுப்புகளைத் தாண்டி முன்னேறியது, மேடை சரிந்தது. தங்களைத் தாங்களே ஆள இவர்களுக்கு முடியுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு அது வசதியாகப் போய்விட்டது.

ஏப்ரலில் 13 பேர் கொண்ட அனைத்துக் கட்சிக் குழு லண்டன் போனது. மார்ஷல், லீ குவான் யூ, லிம் சின் சியோங் எல்லாரும் ஒரே குழுவில். பிரிட்டிஷார் நிறைய விட்டுக்கொடுக்கத் தயார். ஒன்றை மட்டும் விடவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்பில் கடைசி வார்த்தை தங்களுடையதாக இருக்க வேண்டும். கடைசி வார்த்தை நம்முடையதாக இல்லாவிட்டால் அது என்ன சுயாட்சி என்பது மார்ஷலின் நிலை. மே நடுவில் பேச்சு முறிந்தது.

சுயாட்சி கொண்டுவராவிட்டால் பதவி விலகுவேன் என்று அவர் ஊரறியச் சொல்லியிருந்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 1956 ஜூன் தொடக்கத்தில் விலகினார். லிம் இயூ ஹொக் அடுத்த முதலமைச்சரானார்.

மறு ஆண்டு லண்டனில் உடன்பாடு ஏற்பட்டது. பாதுகாப்பு மன்றத்தில் சிங்கப்பூருக்கு மூவர், பிரிட்டனுக்கு மூவர், மலாயாவுக்கு ஒருவர் என்ற ஏற்பாடு. 1959இல் சிங்கப்பூர் சுயாட்சி பெற்றது. மார்ஷல் முட்டிய கதவு, அவர் போன பிறகு திறந்தது.

ஒரு சின்னத் தொகுதி, பெரிய நிலநடுக்கம்

அவர் கதை அதோடு முடியவில்லை. 1956இல் சீனா சென்று பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். வெளியேற முடியாமல் ஷங்ஹாயில் தவித்த யூதர்களுக்காகப் பேசினார். பிறகு அவர்களில் பலர் வெளியேற வழி பிறந்தது.

1957 நவம்பரில் ஒரு புதிய கட்சி தொடங்கினார். பெயர்? பாட்டாளிக் கட்சி. ஆமாம், இன்று நாடாளுமன்றத்தில் எதிர்த்தரப்பு வரிசையில் இருக்கும் அதே கட்சிதான்! டிசம்பரில் நடந்த நகர மன்றத் தேர்தலில் ஐந்து இடங்களில் நின்று நான்கில் ஜெயித்தது. ஆனால் 1959 பொதுத் தேர்தலில் மார்ஷல் தன் சொந்தத் தொகுதியான கேர்ன்ஹில்லில் தோற்றார்.

1961 ஜூலையில் ஆன்சன் தொகுதியில் இடைத்தேர்தல். தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய பகுதி, உழைப்பாளிகளின் தொகுதி. மக்கள் செயல் கட்சிக்குள் அப்போது பிளவு. அதன் இடதுசாரிகள், தங்கள் கட்சி வேட்பாளரை விட்டுவிட்டு மார்ஷலை ஆதரிக்கச் சொன்னார்கள். 53 வயது மார்ஷல் மறுபடியும் மக்களிடம் ஓட்டுக் கேட்டு இறங்கினார். 546 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

ஒரு தொகுதி, சில நூறு வாக்குகள். ஆனால் சில நாள்களில் அரசாங்கமே நம்பிக்கை வாக்கெடுப்புக்குப் போக வேண்டியதாயிற்று. 51 பேர் கொண்ட மன்றத்தில் ஆதரவு 27. ஆட்சி நூலிழையில் தப்பியது. கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் பாரிசான் சோஷலிஸ் தொடங்கினார்கள். அடுத்து என்ன நடந்தது தெரியுமா? 1962 பிற்பாதியிலிருந்து 1963 வரை பிரதமர் லீ குவான் யூ 51 தொகுதிகளுக்கும் நேரில் போனார். கம்பங்கள், பண்ணைகள், சந்தைகள் என்று ஒரு நாளில் பல நிறுத்தங்கள். மலாய், மாண்டரின், ஹாக்கியன் என்று கேட்பவர்களின் மொழியில் பேசினார். ஆங்கிலம் தெரிந்த ஊழியர்களிடம் மரத்தடியில் தொடங்கிய பழக்கம் தீவின் மண் சாலைகள்வரை போய்விட்டது. 1963 தேர்தலில் அதற்குப் பலனும் கிடைத்தது. அதே தேர்தலில் ஆன்சனில் சுயேச்சையாக நின்ற மார்ஷல் தோற்றார். அவருடைய தேர்தல் அரசியல் அதோடு முடிந்தது.

இன்னொரு தகவல்: 1981இல் அதே ஆன்சனில், மார்ஷல் தொடங்கிய அதே பாட்டாளிக் கட்சியின் சார்பில் நின்று ஜெயித்தவர் ஜே. பி. ஜெயரத்தினம். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றத்துக்குள் போன முதல் எதிர்க்கட்சிக்காரர், ஒரு தமிழர்.

நாட்டுக்காக மறுபடியும்

மார்ஷல் நீதிமன்றத்துக்குத் திரும்பினார். ஜூரி முறையை ஒழிக்க அரசாங்கம் முடிவு செய்தபோது, அதை எதிர்த்துத் தெரிவுக்குழுவின் முன் வாதாடினார். அந்த வழக்கில் அவர் தோற்றார். 1970 தொடக்கத்தில் ஜூரி முறை மறைந்தது. தடுப்புக்காவலில் இருந்தவர்களுக்காகவும் வாதாடினார். அப்படி ஒரு வழக்கின் ஆவணங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிய விவகாரத்தில், 1972இல் ஆறு மாதம் வழக்கறிஞர் தொழில் செய்யத் தடை விதிக்கப்பட்டது.

அரசாங்கத்தோடு இவ்வளவு முட்டி மோதியவர் ஓய்வெடுத்துக்கொண்டு புலம்பிக்கொண்டிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? 1978இல், 70 வயதில், அதே அரசாங்கத்தின் சார்பில் பிரான்சுக்கான சிங்கப்பூர்த் தூதரானார். அப்போது வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம். சிங்கப்பூருக்குள் அரசாங்கத்தைக் குறை சொல்வேன், வெளியே என் நாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்பது அவர் போட்டுக்கொண்ட கோடு. 15 ஆண்டு அந்தக் கோட்டைத் தாண்டாமல் வேலை பார்த்து 1993இல் ஓய்வுபெற்றார். 1995 டிசம்பர் 12ஆம் தேதி, 87 வயதில், சிங்கப்பூரில் காலமானார்.

தோற்றவரா, ஜெயித்தவரா?

கணக்குப் போட்டால் தோல்விதான் அதிகம். 14 மாத ஆட்சி, முறிந்த பேச்சுவார்த்தை, பறிபோன தொகுதிகள். பொறுமை இல்லாதவர், சட்டென்று பொங்குபவர் என்று அவரைச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதில் உண்மையும் உண்டு.

ஆனால் வேறு கணக்கும் இருக்கிறது. ஓட்டு இருக்கும் ஒவ்வொருவரையும் மதித்துத் தேடிப் போக வேண்டும், ஜெயித்த பிறகும் கதவைச் சாத்தக்கூடாது, சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாவிட்டால் நாற்காலியைவிட்டு இறங்க வேண்டும். இந்த மூன்றையும் அவர் செய்து காட்டினார்.

எம்பிரஸ் பிளேஸ் பக்கம் போனால் அரும்பொருளகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கத்திலேயே ஆர்ட்ஸ் ஹவுஸ் இருக்கிறது. அதுதான் மார்ஷல் பேசிய சட்டமன்றம். பாடாங், பழைய உச்ச நீதிமன்றம் எல்லாம் எட்டிய தூரம்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்க. இன்றும் அலுவலக ஊழியர்கள் நிழல் தேடி நடந்துகொண்டிருப்பார்கள். முதல் தடவையாக ஓட்டுப் போடப் போகிறீர்கள் என்றால், உங்க தொகுதியில் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி எந்தக் கிழமை, எந்த புளோக்கில் என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவு உங்களுக்கும் திறந்துதான் இருக்கிறது.